சிறு வண்டும் பெருமரமும்

திருவண்ணாமலைக்குச் செல்வோரின் கண்களை முதலில் கவர்வது, நெடுந்தொலைவிலிருந்தே தோன்றும் அதன் மலையாகும். முழுமதி நாள்தோறும் பல்லாயிரக் கணக்கான மக்கள் அம்மலையை வலம் வருகின்றனர். வலம் வரும் வழியின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். வெறுங்காலுடன் நடக்கும் அம்மக்களுக்குக் குளிர்நிழல் பரப்பி நிற்பவை வழியோர மரங்களே. அண்ணாமலையார் கோயிலின் தலமரமும் நறுமலர் சொரியும் மகிழமரமே அன்றோ? இறைவனின் திருக்கோயிலில் மரத்திற்கும் ஓர் இடம் வகுத்தவர் நம் முன்னோர்.

ஆயினும், இம்மலை எக்காலத்தும் பசுமையுடன் விளங்கிற்று என்று கூற இயலாது. விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டன. ஆடுமாடுகள் இளந்தளிர்களை மேய்ந்தன. கோடையில் காய்ந்த புல்லில் பற்றிய தீ, முளைத்தவற்றையும் எரித்தது. இவ்வாறு மலைச்சரிவுகள் பல மொட்டையாயின. சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தொண்டர் பலர் முன்வந்தனர். குழி தோண்டி, கன்று நட்டு, நீர் சுமந்து ஊற்றி, தீத்தடுப்புக் கோடுகள் அமைத்து, மலையை மீண்டும் பசுமையாக்கும் பணியைத் தொடங்கினர். பல ஆண்டு உழைப்பின் பயனாக இன்று அங்கே மரங்கள் தழைத்துள்ளன.

கோடரியும் ஆடும் தீயும் கண்ணுக்குத் தெரியும் பகைவர்கள். கோடரியைத் தடுக்கலாம், ஆட்டை ஓட்டலாம், தீயை அணைக்கலாம். மரத்திற்குக் கண்ணுக்குப் புலப்படாத பகைவரும் உளர். எள்ளளவே உடைய ஒரு வண்டு, தன்னினும் நுண்ணிய ஒரு பூஞ்சையைச் சுமந்து வந்து, மூன்று தலைமுறை வாழ்ந்த மரத்தை ஒரே கோடையில் சாய்த்துவிடும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்னும் பழமொழி இவ்வண்டுக்கு முற்றும் பொருந்தும். இத்தகைய பகை வருமா, வந்தால் நிலைக்குமா, நிலைத்தால் எவ்வளவு கேடு விளைக்கும் என்று முன்கூட்டியே கணித்தறியும் கலை ஒன்று இன்று வளர்ந்துள்ளது. அதனை இடர் மதிப்பீடு என்பர்.

பூச்சிகள் மரத்திற்கு நோய் கொண்டுவருதல் நம் நாட்டிற்குப் புதியதன்று. திருவண்ணாமலை மாவட்டத்தின் மேற்கே விளங்கும் சவ்வாது மலை, சந்தன மரத்திற்குப் பெயர் பெற்றது. தென்னிந்தியாவின் சந்தனக் காடுகளை நெடுங்காலமாக வாட்டிவரும் கூர்நோய், 1899-ஆம் ஆண்டில் குடகு நாட்டில் கண்டறியப்பட்டது. அந்நோயுற்ற மரத்தின் இலைகள் சிறுத்துக் கூர்மையாகும். சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். அந்நோயைப் பரப்புவது சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி. அப்பூச்சி இலையின் சாற்றை உறிஞ்சும்போது நோயைத் தருகின்றது. நாம் இங்குக் காணப்போகும் வண்டோ மரத்தின் உடலுக்குள்ளேயே புகுந்து குடியிருக்கின்றது.

மரப்பட்டை வண்டுகளில் பல்லாயிரம் இனங்கள் உண்டு. பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் நீளமே உடையவை. அவற்றுள் ஒரு சாரார் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே சுரங்கம் குடைந்து, அங்குள்ள இனிய உள்பட்டையை உண்டு வாழ்வர். மற்றொரு சாரார் கட்டையின் உள்ளேயே துளையிட்டுச் செல்வர். இவர்கள் மரத்தை உண்பதில்லை. மரத்தில் உழவு செய்கின்றனர் எனலாம். தாய் வண்டு தன் உடலிலுள்ள நுண்ணிய பையில் பூஞ்சையின் வித்தை எடுத்துவந்து சுரங்கச் சுவரில் விதைக்கும். அப்பூஞ்சை வளர்ந்ததும் தாயும் குஞ்சுகளும் அதனையே உணவாகக் கொள்ளும். மனிதன் ஏர் பிடிப்பதற்கு எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன்பே இவ்வண்டுகள் பயிர்த்தொழில் செய்து வந்துள்ளன என்பது வியப்பிற்குரிய உண்மையாகும்.

வண்டுக்கு உணவாகும் பூஞ்சை சில வேளைகளில் மரத்திற்கு நஞ்சாகின்றது. மரத்தின் வேர் உறிஞ்சும் நீர், கட்டையிலுள்ள நுண்குழாய்களின் வழியே உச்சி இலை வரை ஏறுகின்றது. பூஞ்சை அக்குழாய்களில் பரவுகின்றது. பகையை உணர்ந்த மரம் தன் குழாய்களைத் தானே அடைத்துப் பூஞ்சையைத் தடுக்க முயல்கின்றது. அவ்வடைப்பினால் நீரின் வழியும் அடைபடுகின்றது. இலைகள் வாடுகின்றன, கிளைகள் நுனியிலிருந்து காய்கின்றன. வேரடியில் ஈரம் இருந்தும், மரம் விடாயால் மடிகின்றது.

இவ்வகை நோய்களுள் உலகம் நன்கறிந்தது எல்ம் மரத்தின் வாடல் நோயாகும். ஐரோப்பாவின் சாலைகளுக்கும் வயல்வரப்புகளுக்கும் அழகு தந்து நின்ற எல்ம் மரங்கள், முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி வாடத் தொடங்கின. போரில் வீசப்பட்ட நச்சுப்புகையே காரணம் என்று சிலர் கருதினர். ஆலந்து நாட்டில் ஆராய்ந்த பீ சுவார்ட்ஸ் என்னும் பெண்மணி, நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சையே என்று 1920-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். அப்பூஞ்சையை மரத்திற்கு மரம் எடுத்துச் சென்றது பட்டை வண்டு. ஆனால் கடலைக் கடக்க வண்டுக்குச் சிறகு போதாது. அதற்கு மனிதன் கலம் கொடுத்தான். பலகைக்காக ஐரோப்பாவிலிருந்து வாங்கிய எல்ம் கட்டைகளோடு வண்டும் பூஞ்சையும் அமெரிக்காவை அடைந்தன. 1930-ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்தில் நோய் காணப்பட்டது. பின்னர் 1960-களில், வட அமெரிக்கக் கட்டைகளோடு கொடியதொரு பூஞ்சை பிரிட்டனுக்குள் நுழைந்தது. அங்கே மடிந்த மரங்கள் 2½ கோடிக்கும் மேற்பட்டவை. வணிகம் கொடுத்த நோயை வணிகமே கொடிதாக்கித் திருப்பியது என்க.

இவ்வரலாற்றில் நம் நாட்டிற்கும் ஒரு பங்குண்டு. இமயமலையின் மேற்குப் பகுதியிலும் எல்ம் இனத்து மரங்கள் வளர்கின்றன. அங்கேயும் பட்டை வண்டு உண்டு. வண்டோடு எல்ம் பூஞ்சையின் நெருங்கிய உறவான மற்றொரு பூஞ்சையும் உண்டு. இதனை ஆராய்ச்சியாளர் 1995-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். ஆயினும் இமயத்து மரங்கள் அப்பூஞ்சையால் கூட்டங்கூட்டமாக மடியவில்லை. மரமும் வண்டும் பூஞ்சையும் நெடுங்காலம் ஒருங்கு வாழ்ந்தமையால், அவற்றிடையே ஓர் ஒப்பந்தம் போன்ற நிலை அமைந்துள்ளது. அதே பூஞ்சை, தன்னை அறியாத வேற்று நாட்டு மரங்களிடையே சென்றால் அவ்வொப்பந்தம் அங்குச் செல்லாது. தன் ஊரில் சாதுவாக வாழ்வது அயலூரிலும் அவ்வாறே வாழும் என்று எண்ணுதல் பிழையாகும்.

இவ்வுண்மையைத் தமிழர் வாழும் இலங்கை மலைநாட்டு வரலாறும் மெய்ப்பிக்கின்றது. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைப்பவர்கள் தமிழ்த் தொழிலாளர். தேயிலைக் கிளைகளைக் குடைந்து முறிக்கும் துளைப்பான் வண்டு அவர்கள் நன்கறிந்த பீடை. இலங்கையிலிருந்து கிடைத்த வண்டுகளைக் கொண்டு 1868-ஆம் ஆண்டில் ஐக்காப் என்னும் அறிஞர் அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். 1947-ஆம் ஆண்டில் காட், லூசு என்னும் இருவர் அது வளர்க்கும் பூஞ்சையை விவரித்தனர். தேயிலைக்கு இழப்பு உண்டு. ஆனால் நாட்டையே கலக்கும் கேடு என்று அதனை எவரும் கருதவில்லை.

2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், இலாசு ஏஞ்சல்சு நகரையடுத்து வைக்கப்பட்ட பொறியில் இவ்வகை வண்டு ஒன்று சிக்கியது. 'இது தேயிலைத் துளைப்பான். இங்கோ தேயிலை இல்லை' என்னும் நிலையில் அது பெரிதாக எண்ணப்படவில்லை. ஆண்டுகள் ஒன்பது கடந்தன. 2012-ஆம் ஆண்டில் வெண்ணெய்ப்பழ மரங்களும் சாலை மரங்களும் கிளை காய்ந்து வாடுவதற்கு இவ்வண்டும் அதன் பூஞ்சையுமே காரணம் என்பது புலனாயிற்று. இசுரேல் நாட்டின் வெண்ணெய்ப்பழத் தோட்டங்களில் 2009-ஆம் ஆண்டிலும், தென்னாப்பிரிக்காவின் பூங்காவொன்றில் 2017-ஆம் ஆண்டிலும், ஆத்திரேலியாவின் பெர்த்து நகரில் 2021-ஆம் ஆண்டிலும் அது கண்டறியப்பட்டது. பெர்த்து நகரில் பல்லாயிரம் மரங்களைச் சோதித்து, நோயுற்றவற்றை வெட்டியும் பயன் முழுமை பெறவில்லை. வண்டை அடியோடு ஒழித்தல் இனி இயலாது என்று 2025-ஆம் ஆண்டில் அந்நாட்டார் முடிவு செய்தனர்.

மரபணு ஆய்வு மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தியது. தேயிலைத் துளைப்பான் என்று ஒரே பெயரால் வழங்கியவை உண்மையில் ஒன்றல்ல. உருவில் வேறுபாடு காண இயலாத பல இனங்கள் அப்பெயருக்குள் மறைந்திருந்தன. ஓரினம் தேயிலையை நாடுவது. மற்றோரினம் நூற்றுக்கணக்கான மரவகைகளைத் தாக்குவது. நோயின் பெயரை மருத்துவர் தவறாகக் கணித்தால் மருந்தும் தவறாவது போல, பூச்சியின் பெயர் தவறினால் இடரின் கணக்கும் தவறிவிடுகின்றது.

பழமரங்களும் இவ்வகை நோய்க்குத் தப்பவில்லை. அரபிக்கடலின் அக்கரையிலுள்ள ஓமான் நாட்டில் 1998-ஆம் ஆண்டில் தோன்றிய வாடல் நோய், பெருந்தொகையான மாமரங்களை அழித்தது. பாகிசுத்தானின் மாந்தோப்புகளையும் அது தாக்கியது. மாமரத்தின் பட்டை வண்டு அதனைப் பரப்புவதை ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். மகாராட்டிரம், கருநாடகம் ஆகிய மாநிலங்களின் மாதுளைத் தோட்டங்களிலும் அவ்வினத்தைச் சார்ந்த பூஞ்சையொன்று வாடல் நோயை உண்டாக்குகின்றது. மண்வழியும் கன்றுவழியும் பரவும் அந்நோய்க்குத் துளைப்பான் வண்டும் துணைபோகின்றது.

இனி, இடரை மதிப்பிடும் முறையைக் காண்போம். மதிப்பிடுவோர் முதலில் பூச்சியையும் பூஞ்சையையும் ஐயத்திற்கு இடமின்றி இனங்காண்பர். பின்னர் வரிசையாக நான்கு வினாக்களை எழுப்புவர். அது எவ்வழியாக உள்ளே வரும்? வந்தபின் இங்குள்ள வெயிலும் மழையும் மரங்களும் அது நிலைத்து வாழ ஏற்றவையா? நிலைத்தபின் எவ்வளவு விரைவில் பரவும்? பரவினால் உழவர்க்கும் ஊரார்க்கும் காட்டிற்கும் நேரும் இழப்பு எவ்வளவு?

முதல் மூன்று வினாக்களும் ஒரு வீட்டின் மூன்று கதவுகள் போன்றவை. மூன்றும் திறந்தால் அல்லது பகைவன் உள்ளறையை அடையான். ஒவ்வொரு கதவும் திறப்பதற்குரிய வாய்ப்புப் பத்தில் ஒன்று என்று ஓர் எடுத்துக்காட்டிற்காகக் கொள்வோம். மூன்றும் ஒருங்கே திறக்கும் வாய்ப்பு 1,000-இல் ஒன்றே ஆகும். அஃதாவது, ஒரு கதவை உறுதியாக அடைத்தாலே இடர் வெகுவாகக் குறைந்துவிடும். எனினும் வாய்ப்புச் சிறிது என்று வாளா இருத்தல் கூடாது. நான்காம் வினாவாகிய இழப்பையும் அதனோடு பெருக்கிப் பார்த்தல் வேண்டும். ஓராண்டு விளைச்சல் கெட்டால் மறுஆண்டு ஈட்டலாம். நூறாண்டு மரம் பட்டால் அதனை ஈடுசெய்ய நூறாண்டு வேண்டும். மீட்க இயலாத இழப்பு எதிர்ப்படும் இடத்தில் சிறு வாய்ப்பையும் பெரிதாகக் கருதுதலே அறிவுடைமை.

இவ்வினாக்களைத் திருவண்ணாமலைக்குப் பொருத்திப் பார்ப்போம். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்களும் வண்டிகளும் ஓயாது வந்து செல்லும் ஊர் அது. கட்டடங்களுக்கு மரக்கட்டைகளும், கடைகளுக்குச் சரக்கு நிறைந்த மரப்பெட்டிகளும், அடுப்புக்கு விறகும், நடுவதற்குத் தொலைவிடத்து நாற்றங்கால் கன்றுகளும் வருகின்றன. இவற்றுள் எதனுள்ளும் எள்ளளவு வண்டு ஒளிந்து வரலாம். ஆகவே முதற்கதவு அடைபட்டதன்று.

இரண்டாம் கதவு எத்தகையது? துளைப்பான் வண்டு வளர்க்கும் பூஞ்சைக்கு ஈரமுள்ள கட்டை வேண்டும். திருவண்ணாமலையின் கடுங்கோடை அதற்கு ஓரளவு தடையாகலாம். ஆயினும் அதே கோடையில் நீரின்றித் தளரும் மரம், வண்டை எதிர்க்கும் வலிவை இழக்கின்றது. மேலும், இவ்வண்டு தங்கும் மரவகைகளுள் நம் ஊர்ப்புறங்களில் எங்கும் வளரும் ஆமணக்கும் உண்டு. வேலியோரத்துக் கல்யாண முருங்கையின் இனமும் உண்டு. தங்க இடமில்லை என்று அது திரும்பிச் செல்லாது.

மூன்றாம் கதவைப் பற்றிய செய்தி இன்னும் எச்சரிக்கை தருவது. இவ்வண்டின் பெண்கள் பிறந்த சுரங்கத்திலேயே உடன்பிறந்த ஆணோடு கூடிய பின்னரே வெளியே பறக்கின்றன. ஆதலின் துணை தேடி அலைய வேண்டுவதில்லை. தனியொரு பெண் வண்டு போதும். அதுவே ஒரு குடியின் தாயாகிவிடும். வலம் வரும் வழியில் மரத்தை அடுத்து மரமும், அவற்றை அடுத்து மலைக்காடும் தொடர்ந்து அமைந்திருப்பதால், படிப்படியாக முன்னேற அதற்கு வழியும் உண்டு. நான்காம் வினாவிற்கு விடை கூறவும் வேண்டுமோ? தலமரமும் நிழற்சாலையும் பல்லாண்டு உழைப்பால் தழைத்த காடும் இழப்பின் பட்டியலில் இடம் பெறும்.

இத்தகைய கணக்கின் பயனாக உலக நாடுகள் தம் வாயில்களில் காவல் அமைத்துள்ளன. நம் நாட்டில் 1914-ஆம் ஆண்டிலேயே அழிவு செய்யும் பூச்சிகளையும் பீடைகளையும் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1951-ஆம் ஆண்டில் பன்னாட்டுப் பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை உருவாயிற்று. சரக்கு அடைக்கும் மரப்பெட்டிகளும் தட்டுப்பலகைகளும், கட்டையின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியசு வெப்பம் ஏறி 30 நிமிடம் நிற்குமாறு சூடாக்கப்படுதல் வேண்டும், அல்லது ஏற்கத்தக்க வேறு முறையில் தூய்மை செய்யப்படுதல் வேண்டும் என்னும் உலகளாவிய நெறி 2002-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அவ்வாறு செய்யப்பட்ட பலகைகளில் முத்திரை காணப்படும். 2003-ஆம் ஆண்டின் இந்திய ஆணைப்படி, முன்பு வாராத தாவரப் பொருளொன்றை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டுமாயின், அதனால் விளையும் இடரை முதலில் ஆராய்தல் வேண்டும். சென்னையிலுள்ள தாவரத் தொற்றுத் தடுப்பு நிலையம் இத்தகைய சோதனைப் பணியைச் செய்துவருகின்றது.

ஆனால் துறைமுகத்துக் காவலர் மட்டும் விழித்திருந்தால் போதாது. மாவட்டத்திற்கு மாவட்டம் செல்லும் விறகு வண்டியை எந்தத் துறைமுகமும் சோதிப்பதில்லை. அங்கே காவலர் பொதுமக்களே. விறகை வெட்டிய இடத்திற்கு அருகிலேயே பயன்படுத்துதல் நன்று. நடுவதற்குரிய கன்றுகளை நம்பத்தக்க நாற்றங்காலிலிருந்து, இயன்றவரை உள்ளூரிலிருந்தே, பெறுதல் வேண்டும். ஒரே வகை மரத்தை வரிசையாக நடுவதினும் பலவகை மரங்களைக் கலந்து நடுதல் சிறப்புடையது. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் அழிக்க இயலாது. ஆணியடித்தும், வேரடியைச் சிமெண்டால் மூடியும், அடியில் குப்பையை எரித்தும் மரத்தை வருத்துதல் கூடாது. வலிவிழந்த மரமே வண்டை அழைக்கின்றது.

நோயின் குறிகளை அறிந்து வைத்தலும் இன்றியமையாதது. குண்டூசித் தலையளவு வட்டத்துளைகள், துளைவாயில் வெளுத்த மரத்தூள், பட்டையில் கருமையான கறை, ஒழுகும் பிசின், நுனியிலிருந்து காயும் கிளை ஆகியவை மரம் விடுக்கும் முறையீடுகள். இவற்றைக் காண்பவர் கிளையை ஒடித்து வேற்றிடம் கொண்டு செல்லாமல், வனத்துறையினர்க்கோ வேளாண்மைத் துறையினர்க்கோ தெரிவித்தல் வேண்டும். ஒரு மரத்தில் கண்டபோதே அறிவித்தால் அவ்வொரு மரத்தோடு கேடு நிற்கக்கூடும். கலிபோர்னியாவில் கழிந்த ஒன்பது ஆண்டுகள் நமக்கு உணர்த்துவது இதுவே.

மரத்தை நடுதல் ஒரு நாளில் முடியும் அறம். நட்டதைக் காத்தல் நாள்தோறும் தொடர வேண்டிய அறம். வெள்ளம் வருமுன் அணையைச் செப்பனிடுவது போல, வண்டு வருமுன் அதன் வழிகளை அடைத்தல் வேண்டும். அவ்வாறு காக்கும் ஊரில் மகிழமரம் ஆண்டுதோறும் மலரும். மலையை வலம் வரும் வழிப்போக்கர் நிழலிலேயே நடப்பர்.